சங்கரன்கோயிலும் ஒரு விமானியின் பெயரும்

சங்கரன்கோயிலுக்குப் போகிறவர்கள் ஆடி மாதத்தில் போக வேண்டும். மற்ற மாதங்களில் போனால் கோயிலைக் காணலாம்; ஆடியில் போனால் அந்தச் சீமை முழுவதையும் ஒரே வீதியில் காணலாம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று, ஆடியில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்னது வெறும் வார்த்தையன்று என்பதை ரயிலை விட்டு இறங்கியதுமே உணர்த்திவிடும். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலைத்தொடரின் மேல் முகில்கள் அடுக்கடுக்காய் ஏறி வருவது தெரியும். குற்றாலத்தில் அருவியாய்க் கொட்டுகின்ற அவை இந்தக் கரிசல் காட்டின் மேல் வரும்போது ஒரு துளிகூடச் சிந்தாமல் கிழக்கே போய்விடுகின்றன. இவ்வூர்க் குடியானவர்கள் அவற்றை அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை. அவர்களுக்கு வேண்டிய மழை ஐப்பசியில்தான் வரும்.

நாம் சென்றது ஜூலை 26-ந் தேதி. தமிழ்க் கணக்கில் ஆடி பத்தாம் நாளை ஒட்டி வரும் தேதி அது. ஆடித் தபசுக்குக் கொடியேறியிருந்தது. சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த பொதிகை ரயிலில், விடியற்காலையில் விருதுநகரைத் தாண்டியபின், பக்கத்திலிருந்தவரிடம் நாளிதழை இரவல் வாங்கிப் புரட்டினோம். உள்பக்கம் ஒன்றில் நாலு விரற்கடை அளவில் ஒரு செய்தி: இன்று கார்கில் வெற்றி நாள், 1999-ஆம் ஆண்டு நடந்த அந்த யுத்தத்தில் உயிர் நீத்த இந்திய வீரர் 527 பேர். தொகை இருந்தது, பெயர் ஒன்றுகூட இல்லை.

அந்த ஆண்டில் நாம் கல்லூரி மாணவராக இருந்தோம். மே மாத இறுதியில் பத்திரிகைகளில் நாள்தோறும் வெளிவந்த பெயர்களைப் படித்த நினைவு உண்டு. பெரும்பாலும் வடநாட்டுப் பெயர்கள். உச்சரிக்கவே நமக்குப் பழக்கமில்லாதவை. அவற்றினிடையே ஒரு நாள் ‘பிளைட் லெப்டினன்ட் எஸ். முகிலன்’ என்று இருந்தது. முகிலன்! தூய தமிழ்ப் பெயர். ஆகாயத்தில் உலாவும் தொழிலைக் கொண்டவருக்கு மேகத்தின் பெயர் வாய்த்திருந்தது. அந்தப் பொருத்தத்தினாலேயே போலும், எத்தனையோ மறந்தும் அந்தப் பெயர் மட்டும் மறக்கவில்லை. ரயிலில் அந்தச் செய்தியைப் படித்தவுடன் அது மீண்டும் மேலெழுந்து வந்தது. சங்கரன்கோயில் நிலையத்தில் நம்மோடு கூடவே இறங்கியது என்றும் சொல்லலாம்.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். நெடுங்காலம் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த சங்கரன்கோயில், 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்துக்கு உரியதாகிவிட்டது. பூச்சந்தைக்கும், விசைத்தறிச் சேலைக்கும் பேர் பெற்ற ஊர். பிரியாணிக்கும் பேர் பெற்றது. ஆசாரம் மிக்க நேயர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடலாம். ஒன்பது நிலைக் கோபுரம் 125 அடி உயரத்தில் நிற்கிறது. சுற்றிலும் உயர்ந்த குன்று இல்லாத சமவெளியாதலால் எங்கிருந்து பார்த்தாலும் அதுவே கண்ணில் படும். உக்கிரபாண்டியன் கட்டிய கோயில் என்று மரபு.

கோயிலுக்குள் மூன்று சந்நிதிகள். ஒருபுறம் சங்கரலிங்கர், மறுபுறம் கோமதி அம்மை, நடுவே சங்கரநாராயணர். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், ஒருவர் சிவனே பெரியவர் என்றும், மற்றவர் திருமாலே பெரியவர் என்றும் வழக்காடி அம்மையிடம் வந்தனராம். அம்மை தீர்ப்புச் சொல்லவில்லை, தவத்தில் அமர்ந்துவிட்டாள். இருவரும் ஓருருவாய்த் தோன்றியபோது வழக்குத் தானே தீர்ந்தது. அந்தத் தவமே ஆடித் தபசு. வழக்கு மன்றங்களில் ஆண்டுக்கணக்காய் அலைகிறவர்கள் இந்த முறையைக் கவனிக்க வேண்டும் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம்.

திருவிழா நாட்களில் பெண்கள் பிராகாரத்தை நூற்றுக்கணக்கான தடவை சுற்றி வருவதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். இளம் பெண்களும் முதியோரும் வியர்வை வழிய, எண்ணிக்கை தவறாமலிருக்க விரலை மடக்கிக்கொண்டே சுற்றுகிறார்கள். தபசு நாளில் குடியானவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் தானியத்தையும் அம்மையின் சப்பரத்தை நோக்கி வாரி இறைப்பார்கள். சூறை விடுதல் என்பது அதற்குப் பெயர். மழை பொய்த்த ஆண்டிலும் ஒரு பிடி பருத்தியாவது வரும் என்று சொன்னார்கள். புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு நாமும் ஒரு சுற்று சுற்றினோம். ஒன்றோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் முழங்கால்.

அந்தச் சுற்றில்தான், கோயிலுக்குள் ஓரிடத்தைக் காட்டி, “தேவர் மறைஞ்ச எடம், சாமி. கும்பிட்டுட்டுப் போங்க” என்றார் ஒரு முதியவர்.

தேவர் என்று அவர் சொன்னது பூலித்தேவரை. சங்கரன்கோயிலுக்கு மேற்கே சில மைல் தூரத்திலுள்ள நெற்கட்டும்செவலை ஆண்ட பாளையக்காரர் அவர். 1755-ஆம் ஆண்டில் கம்பெனிப் படைத் தலைவன் ஹெரான் அந்தக் கோட்டையின் முன் வந்து நின்று கப்பம் கேட்டபோது கொடுக்க மறுத்தவர். கோட்டைச் சுவரை இடிக்கத் தக்க பெரிய பீரங்கிகள் ஹெரானிடம் இல்லை. வந்த வழியே திரும்பினான். 1761-இல் யூசுப்கான் வந்து அக்கோட்டையைப் பிடித்தான். பின்னும் சில ஆண்டுகள் போராடிய தேவர் இறுதியில் கம்பெனியார் கையில் சிக்கினார் என்றும், கைதியாகக் கொண்டுபோகும் வழியில் சங்கரன்கோயில் சந்நிதியில் வணங்க விடை கேட்டார் என்றும், உள்ளே புகுந்தவர் ஜோதியில் கலந்து மறைந்தார் என்றும் இந்நாட்டு மக்கள் சொல்லுகிறார்கள்.

“சங்கிலி தெறிச்சுப் போச்சு. வெள்ளைக்காரன் கோயில் முழுக்கத் தேடியும் ஒடம்பு கெடைக்கலை” என்றார் முதியவர், நேற்று நடந்ததைப் போல.

“தாத்தா, இந்தக் காலத்து யுத்தத்தில் இறந்தவர்களையும் இப்படி நினைப்பதுண்டா?” என்று கேட்டோம்.

அவர் நம்மைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அவுகளுக்குச் சர்க்கார் இருக்குல்ல, சாமி” என்றார்.

வெகு நேரம் இந்தப் பதில் நம்மை விடவில்லை. நாகசுனைப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே எண்ணிக்கொண்டிருந்தோம். முதியவர் சொன்னதில் தவறில்லை. டில்லியில் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பின் நாட்டுக்காக மாண்ட முப்படை வீரர் 25,000-க்கு மேற்பட்டவரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சர்க்கார் தன் கடமையைச் செய்திருக்கிறது. ஆனால் கல்லிலுள்ள பெயர் வேறு. வாயிலுள்ள பெயர் வேறு. இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன் மறைந்தவரைப் பற்றி ஊரில் எல்லாரும் கதை சொல்லுகிறார்கள். கால் நூற்றாண்டுக்கு முன் மாண்ட இளைஞரைப் பற்றிச் சொல்ல ஒருவருக்கும் ஒரு வாக்கியம் இல்லை.

அதற்காக, முகிலனும் ஜோதியில் கலந்தார் என்று ஒரு கதை கட்டிவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் செய்வது அவருக்கு அநீதி என்றே நினைக்கிறோம். தமிழரிடம் வேறு ஒரு வழக்கமும் இருந்தது. அதுதான் நடுகல். போரில் விழுந்தவனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று படிப்படியாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. பிற்காலத்தில் அக்கற்களில் எழுதவும் தொடங்கினார்கள். செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களைப் படித்தால் வியப்பாக இருக்கும். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சி ஆண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், எந்த மாட்டு மந்தையை மீட்கும்போது விழுந்தான் என்பதெல்லாம் ஒரு கணக்கப்பிள்ளையின் கண்டிப்போடு எழுதப்பட்டிருக்கும். எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்டது. அவன் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதன் செயலையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். கூட நின்ற வாயில்லாப் பிராணியின் பெயரைக்கூட விட மனம் வராதவர்கள் நம் முன்னோர்.

அந்த முறையிலேயே, நாம் அறிந்தவரையில், இங்கே எழுதுகிறோம்.

ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில் திராஸ் என்ற ஊர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 10,000 அடிக்கு அதிகமான உயரம். அதற்கு நேர் மேலே தோலோலிங் என்னும் சிகரம், சுமார் 15,000 அடி. 1999-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி வந்த பாகிஸ்தான் படையினர் இத்தகைய சிகரங்களில் பதுங்கு குழி அமைத்துக்கொண்டார்கள். கீழே சாலையில் போகும் ஒவ்வொரு லாரியும் அவர்கள் கண்ணில் பட்டது. அவர்களை இறக்கினாலன்றி லடாக்குக்குப் போகும் வழி நமதன்று என்ற நிலைமை. மே 26-ந் தேதி இந்திய விமானப்படை தாக்குதலில் இறங்கியது. எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது என்பது விமானிகளுக்கு இடப்பட்ட கட்டளை. மறுநாளே இரண்டு போர் விமானங்களை இழந்தோம். ஒன்றை ஓட்டிய நச்சிகேதா சிறைப்பட்டார். அவரைத் தேடிப் பறந்த அஜய் அகுஜா வீழ்த்தப்பட்டு உயிர் நீத்தார்.

மே 28-ந் தேதி தோலோலிங்கை ராக்கெட்டுகளால் தாக்க எம்.ஐ-17 வகை ஹெலிகாப்டர்கள் நான்கு ஓரணியாக நியமிக்கப்பட்டன. இது ருஷ்ய நாட்டுத் தயாரிப்பு. ஆட்களையும் சாமான்களையும் சுமந்து செல்வதற்கென்று செய்யப்பட்ட பருத்த ஊர்தி. ராக்கெட் கூடுகளைப் பக்கவாட்டில் மாட்டி அதையே ஆயுதம் ஏந்தியதாக்கியிருந்தார்கள். 15,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். தலைக்கு மேல் சுழலும் இறக்கை எதைத் தள்ளி மேலே எழும்ப வேண்டுமோ அந்தக் காற்றே அங்கே மெலிந்து கிடக்கிறது. சமவெளியில் சுலபமாய்த் திரும்பும் ஊர்தி அங்கே பாரவண்டியைப் போல் திரும்பும். ஜெட் விமானம் போல் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோக அதனால் ஆகாது.

சிகரத்தின் மேல் இருந்தவர்களிடம் தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகள் இருந்தன. அமெரிக்க நாட்டு ‘ஸ்டிங்கர்’ என்று கூறப்பட்டது. இவை என்ஜினின் வெப்பத்தை மோப்பம் பிடித்துத் துரத்துகிறவை. இவற்றை ஏமாற்ற ஒரு வழி உண்டு. என்ஜினைவிடச் சூடாக எரியும் சிறு சிறு தீப்பந்தங்களை ஊர்தியிலிருந்து உதிர்த்துக்கொண்டே போக வேண்டும். ‘பிளேர்’ என்பார்கள். ஏவுகணை அந்த நெருப்பின் பின்னே போய்விடும். பின்னர் வெளிவந்த விவரங்களின்படி, புறப்படும் நேரத்தில் நான்கில் ஒன்றுக்குக் கோளாறு ஏற்பட்டது. அதற்கு மாற்றாக வேறொன்று சேர்க்கப்பட்டது. மாற்றாக வந்த அந்த ஊர்தியில் பிளேர் சாதனம் இல்லை. ஏவுகணை அதன்மேல்தான் பாய்ந்தது.

அதில் இருந்தவர்கள் நால்வர்: தலைமை விமானி ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்தீர், துணை விமானி பிளைட் லெப்டினன்ட் எஸ். முகிலன், சார்ஜன்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜன்ட் ஆர்.கே. சாகு. நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நால்வருக்கும் மறைவுக்குப் பின் வாயுசேனா பதக்கம் வழங்கப்பட்டது. முகிலன் தமிழ்ப் பெயரினர் என்பதற்காக அவரை மட்டும் நினைத்து மற்ற மூவரை மறந்தால், அது கருந்தேவக்கத்தியின் கல்லைச் செதுக்கியவன் சிரிக்கத்தக்க காரியமாகும். வடக்கும் தெற்குமாகப் பிறந்த நால்வர் ஒரே கூட்டுக்குள் ஒரே நெருப்பில் மாண்டார்கள். பாரத நாடு ஒன்று என்று மேடைகளில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். அதற்கு இதைவிடக் கடுமையான சாட்சியம் வேண்டியதில்லை.

அன்றைக்குப் பின் ஹெலிகாப்டர்களைத் தாக்குதலுக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. விமானப்படை தன் முறையையே மாற்றிக்கொண்டது. ஏவுகணை எட்டாத உயரத்திலிருந்து போர் விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. ஹெலிகாப்டர்கள் தம் பழைய வேலைக்கே திரும்பின. சாமான் சுமந்தன, காயம்பட்டவர்களைக் கீழே கொண்டுவந்தன. ஜூன் 13-ந் தேதி ராஜபுதனத் துப்பாக்கிப் படையின் இரண்டாவது பட்டாளத்தார் தோலோலிங்கைக் காலால் ஏறிப் பிடித்தார்கள். ஜூலை 26-ல் யுத்தம் முடிந்தது. அச்சிகரத்தின் அடியில்தான் இப்போது திராஸ் நினைவுச் சின்னம் நிற்கிறது.

இதையெல்லாம் எழுதும்போது நமக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒளியில் கலந்தார் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி இல்லை. கை கூப்பிவிட்டு நகர்ந்துவிடலாம். ஹெரானிடம் கோட்டை இடிக்கும் பீரங்கி இல்லாததைக் கேட்டு நாம் சந்தோஷப்படுகிறோம். முகிலன் ஏறிய ஊர்தியில் பிளேர் இல்லாததை மட்டும் கேட்காமலிருக்க முடியுமா? அந்த இல்லாமையையும் சேர்த்து நினைப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. மாவீரன் என்று ஒரே சொல்லில் மூடிவிட்டால், மெலிந்த காற்றில் அந்த ஊர்தியைச் சிகரத்தை நோக்கித் திருப்பிய கை என்ன தெரிந்துகொண்டு திருப்பியது என்பது மறைந்துபோகும். ஒரு நாள் முன்னால் இரண்டு விமானங்கள் விழுந்த செய்தி அந்த நால்வருக்கும் தெரிந்தே இருக்க வேண்டும்.

பிற்பகலில் பஸ் ஏறி நெற்கட்டும்செவலுக்குப் போனோம். வழியெல்லாம் கரிசல், இடையிடையே கிணற்றுப் பாசனத்தில் எலுமிச்சைத் தோப்புகள், கண்ணுக்கு நேரே மேற்கு மலை. பூலித்தேவருக்கு அங்கே சர்க்கார் நினைவு மாளிகை கட்டியிருக்கிறது. செப்டம்பர் முதல் தேதி அவர் பிறந்த நாளில் பெருங்கூட்டம் கூடும். ஆகஸ்டு 20-ந் தேதி அவர் படையில் நின்று பொருத ஒண்டிவீரனுக்கும் நாள் கொண்டாடுகிறார்கள். தலைவனோடு நின்றவனையும் மறவாத அந்த ஊர் நம் மனத்துக்குப் பிடித்துவிட்டது.

மாளிகை வாசலில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நம் தொழில் வாசனை அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ‘சார்’ என்றே கூப்பிட்டார்கள். பூலித்தேவர் கதையை நாம் கேளாமலே ஒப்பித்தார்கள். சங்கிலி தெறித்த கட்டத்தில் ஒருவன் கையை உதறியும் காட்டினான். நன்றாய்ச் சொன்னார்கள். பதிலுக்கு நாம் தோலோலிங் கதையைச் சொன்னோம். அவர்கள் கேட்ட கேள்விகள் பெரியவர்கள் கேட்பவை அல்ல. ஹெலிகாப்டரில் கதவு உண்டா? ராக்கெட் எத்தனை அடி நீளம்? கடைசியில், இதுவரை வாய் திறவாமல் நின்ற ஒரு சிறுவன், “தீப்பந்தம் இல்லாத வண்டின்னு தெரிஞ்சும் ஏன் சார் அனுப்புனாங்க?” என்றான்.

“நாலு பேர் சேர்ந்து போக வேண்டிய வேலை, ஒன்று குறைந்தது” என்றோம்.

“மூணு போயிருக்கலாம்ல?”

பதில் சொல்ல வாய் எடுத்தோம், வரவில்லை. அவன் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. புத்தகப் பையிலிருந்து நோட்டை எடுத்து, முழங்காலில் வைத்துக்கொண்டு, பெயர்களை மறுபடி சொல்லச் சொன்னான். நால்வர் பெயரையும் வரிசையாகச் சொன்னோம். முகிலனைத் தானாகவே எழுதிவிட்டான். பிரசாதும் சாகுவும் சிரமம் தரவில்லை. முதற் பெயரில்தான் பென்சில் நின்றது. “புந்தீருக்கு ‘தி’ நெடிலா சார், குறிலா?” என்று கேட்டான். நெடில் என்றோம். அழித்துவிட்டுத் திருத்தமாக எழுதிக்கொண்டான்.